டிஜிட்டல் க்ளிப்பிங்: சிக்னல் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று எப்படிப் பிடிப்பது?

நள்ளிரவு ரிஃப்

வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு சத்தம் உயிரை எடுக்கிறது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிதார், அதிலிருந்து ஒரு அனலாக் க்ளீன் பூஸ்ட் பெடல் (சிக்னலின் அளவை மட்டும் ஏற்றுவது), அங்கிருந்து மல்டி எஃபெக்ட்ஸ், கடைசியில் ஹெட்ஃபோன். மெதுவாக வாசித்தால் ஒன்றும் இல்லை. ஆறாம் கம்பியில் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்குவது) போட்டு அழுத்தி அடித்தால் ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். டிஸ்டார்ஷன் பேட்சில் (சேமித்து வைத்த எஃபெக்ட் அமைப்பு) அவ்வளவாகத் தெரியவில்லை, க்ளீனில் அப்பட்டமாகத் தெரிகிறது.

அவுட்புட் குமிழைப் பாதிக்குக் குறைத்தேன், வால்யூம் குறைந்ததே தவிர கிழிசல் போகவில்லை. ஆம்ப் மாடல், கேபிள், ஹெட்ஃபோன் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. இன்புட் விளக்கு பச்சையிலேயே இருக்கிறது, எப்போதாவது மஞ்சள். சிவப்பு வரவே இல்லை. சிவப்பு வராமல் க்ளிப்பிங் எப்படி வரும்? கருவியில்தான் கோளாறா?

ஓம் விதி

கருவியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. அடியின் தொடக்கத்தில் மட்டும் வருகிறது, மெதுவாக வாசித்தால் வருவதில்லை, க்ளீனில் அப்பட்டமாகத் தெரிகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் க்ளிப்பிங்தான், அதாவது சிக்னலின் உச்சி எங்கோ வெட்டுப்படுகிறது. எந்த இடத்தில் என்பதைக் கண்டுபிடிக்காமல் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தால் டோன்தான் கெடும்.

வெட்டுப்படக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது ஏடிசி, அதாவது கிதாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இடமும் அதற்கு முன்னால் இருக்கும் அனலாக் பகுதியும். இரண்டாவது உள்ளே ஒரு பிளாக்குக்கும் (ஆம்ப், டிலே மாதிரி ஒவ்வொரு எஃபெக்டும் ஒரு பிளாக்) அடுத்த பிளாக்குக்கும் நடுவில். மூன்றாவது வெளியே போகும்போது டிஏசியில், அதாவது எண்ணைத் திரும்ப மின்னழுத்தமாக மாற்றும் இடத்தில். டிஜிட்டலில் 0 டிபிஎஃப்எஸ் (மிக உயர்ந்த எண்ணிலிருந்து கீழ்நோக்கி அளக்கும் டெசிபெல்) என்பதுதான் கூரை. அதற்கு மேல் எண்ணே கிடையாது, ஆகவே அதைத் தாண்டிய சிக்னல் எல்லாம் அதே உயரத்தில் தட்டையாக நின்றுவிடும்.

ஒரு இடத்தில் வெட்டுப்பட்ட சிக்னலை அதற்குப் பின்னால் எவ்வளவு குறைத்தாலும் வெட்டு ஆறாது, சத்தம் குறைந்த வெட்டாக மாறும், அவ்வளவுதான். நீங்கள் அவுட்புட் குமிழைக் குறைத்தபோது நடந்ததும் இதுதான். ஆனால் அதை வைத்து "அப்படியானால் இன்புட்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல கருவிகளில் அந்தப் பெரிய குமிழ் டிஏசிக்குப் பிறகு அனலாக் பக்கத்தில் இருக்கும். டிஏசியிலேயே வெட்டுப்பட்டிருந்தாலும் அந்தக் குமிழால் ஒன்றும் செய்ய முடியாது. இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

விளக்கைப் பற்றி. அது பெரும்பாலும் ஏடிசி அளவை மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே டிலேயும் ஈக்யூவும் சேர்ந்து என்ன கூத்து அடிக்கின்றன என்று அதற்குத் தெரியாது. அதோடு பாம் மியூட்டின் முதல் உச்சி ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும், அதைப் பிடித்துக் கண்ணுக்குத் தெரிகிற அளவு நேரம் எரியவிடும் ஏற்பாடு விளக்கில் இல்லை என்றால் நமக்குத் தெரியாது.

இப்படிச் செய்து பாருங்கள். எல்லா பிளாக்கையும் அணைத்துவிட்டு, யூஎஸ்பி வழியாக ட்ரை சிக்னலை மட்டும் ரெக்கார்ட் செய்யுங்கள், பூஸ்ட் ஆனிலேயே இருக்கட்டும். கிழிசல் வரும் மாதிரி அழுத்தி அடியுங்கள். பிறகு அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி அந்த முதல் உச்சியைப் பாருங்கள். வளைந்து திரும்பினால் நல்லது. தட்டையாக இருந்தால், எந்த அளவில் தட்டையாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அதுதான் முக்கியம்.

வால்வு பித்தன்

ஓவர்டிரைவ், ஃபஸ், டிஸ்டார்ஷன் எல்லாமே க்ளிப்பிங்தானே? காசு கொடுத்து வாங்கினால் டோன், சும்மா வந்தால் கோளாறா? ஒரு டியூப் ஆம்ப்பில் நேராகச் சொருகிவிட்டு நிம்மதியாக வாசியுங்கள் தம்பி.

சாலிடர் புகை

அண்ணே, கிண்டல் புரிகிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெடலில் சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்த ஆரம்பிக்கும், முனை உருண்டையாக மழுங்கும், வருகிற ஹார்மானிக்ஸ் எல்லாம் வாசித்த ஸ்வரத்தின் மடங்குகள். காதுக்கு உறவாக இருக்கும்.

டிஜிட்டலுக்குள் வெட்டுப்பட்டால் முனை கூராக வெட்டுப்படும், அதனால் மிக உயர்ந்த ஹார்மானிக்ஸ் வரை பிறக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கருவியில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடம் கிடையாது. மேலே போனது காணாமல் போகாது, மடங்கிக் கீழே வரும். முதல் கம்பியின் 24-ஆம் ஃபிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 1318.5 ஹெர்ட்ஸ். அதன் 35-ஆவது ஹார்மானிக் 46,148 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், ஆனால் மடங்கி 1852 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். வாசித்த ஸ்வரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இப்போது அந்த ஸ்வரத்தைக் கால் டோன் பெண்ட் செய்து ஏற்றுங்கள், 1357 ஆகிறது. அந்தப் போலி ஸ்வரமோ 1852-லிருந்து சுமார் 500-க்கு இறங்கி ஓடுகிறது! நீங்கள் மேலே ஏற்ற ஏற்ற ஏதோ ஒன்று பின்னணியில் கீழே சறுக்குகிறதே, அது இதுதான். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் விடாது.

அதனால்தான் நல்ல டிரைவ் மாடல்கள் அந்த ஒரு பிளாக்கை மட்டும் பல மடங்கு சாம்பிள் வேகத்தில் ஓட்டி, மேலே உள்ளதை வடிகட்டிவிட்டுத் திரும்பக் கீழே இறக்குகின்றன. டிஏசி வாசலில் முட்டிக்கொள்ளும் சிக்னலுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடைக்காது.

வால்வு பித்தன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். டியூப் ஆம்ப் வாங்குங்கள் என்பதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

நள்ளிரவு ரிஃப்

ரெக்கார்ட் செய்து பார்த்தேன். தட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் 0-வில் இல்லை! -2.5 பக்கத்தில் நின்றுவிடுகிறது. இன்னொரு விஷயம், மேல் பக்கம் நன்றாகத் தட்டை, கீழ் பக்கம் கிட்டத்தட்ட ஒழுங்காக வளைகிறது. பூஸ்ட்டை அணைத்தால் உச்சி -13 பக்கம் வருகிறது, தட்டையும் இல்லை, கிழிசலும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்?

சாலிடர் புகை

ஏடிசி நிரபராதி என்று அர்த்தம். ஏடிசி வெட்டியிருந்தால் 0-விலேயே, மேலும் கீழும் ஒரே உயரத்தில் வெட்டியிருக்கும். 0-வுக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டும் தட்டை என்றால் ஏடிசிக்கு முன்னால் ஏதோ ஒன்று சப்ளை மின்னழுத்தத்தில் போய் முட்டுகிறது. பூஸ்ட்டை அணைத்ததும் போய்விட்டது என்பதால் அந்தப் பெடலேதான். 9 வோல்ட்டில் ஓடும் ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்ட்டாக இருந்தால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது நிற்கும் மின்னழுத்தம்) சரியாக நடுவில் இருக்காது, ஒரு பக்கம் முதலில் முட்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண சிங்கிள் காயில் பிக்கப் சில நூறு மில்லிவோல்ட் கொடுக்கும், சூடான, அதாவது அவுட்புட் அதிகமான ஹம்பக்கரை அழுத்தி அடித்தால் உச்சி 1 வோல்ட்டைத் தாண்டும். 6 டெசிபெல் என்றால் இரு மடங்கு, 12 என்றால் நான்கு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு. 1 வோல்ட் உச்சியை 12 டெசிபெல் ஏற்றினாலே 4 வோல்ட். 9 வோல்ட் சப்ளையில் மேலே நாலரை, கீழே நாலரை, அதையும் முழுதாகத் தொட முடியாது. முடிந்தது கதை.

பெடல் 18 வோல்ட் தாங்கும் என்று அதன் மேலேயே போட்டிருந்தால் மட்டும் 18 கொடுக்கலாம், இல்லை என்றால் புகைதான். ஆனால் 18 கொடுத்தால் பெடல் தப்பிக்கும், அடுத்து ஏடிசி மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் க்ளீன் பேட்சில் அந்த பூஸ்ட்டுக்கு வேலையே இல்லை.

கடைசி பெஞ்ச்

எனக்கு ஒரு சந்தேகம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு சூடாக, 0-வைத் தொடுகிற மாதிரி உள்ளே அனுப்பினால்தான் பிட்டுகள் வீணாகாது, இரைச்சல் குறையும் என்று எங்கேயும் சொல்கிறார்களே. -13 எல்லாம் ரொம்பக் குறைவில்லையா?

ஓம் விதி

16 பிட் காலத்து அறிவுரை அது, இன்னும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பிட் சுமார் 6 டெசிபெல். 24 பிட் என்றால் ஏட்டளவில் 144 டெசிபெல். நடைமுறையில் நல்ல கன்வர்ட்டரே 110, 120 அளவில்தான் நிற்கும். உச்சியை -12-இல் வைத்தால் இரண்டு பிட் போகிறது, மீதி 22, அதாவது 132 டெசிபெல். கன்வர்ட்டரின் இரைச்சலைவிட அப்போதும் கீழேதான். அதற்கும் மேலே உங்கள் பிக்கப்பின் ஹம் உட்கார்ந்திருக்கிறது. சிங்கிள் காயிலைக் கணினித் திரை பக்கம் திருப்பினால் வரும் உறுமலை விட்டுவிட்டு 23-ஆவது பிட்டைப் பற்றிக் கவலைப்படுவது தேவையில்லாத வேலை.

உங்கள் கையால் அடிக்கக்கூடிய மிக மோசமான அடிக்கு உச்சி -12-க்கும் -6-க்கும் நடுவில் நின்றால் போதும். அளவு பார்க்கும்போது பவ்யமாக வாசித்துவிட்டு, பாட்டில் வெறியாக அடிப்பதுதான் வழக்கமாக நடப்பது. பார்க்கும்போதே வெறியாக அடியுங்கள். கிதார் வால்யூம் 10, ப்ரிட்ஜ் பிக்கப்.

கேபினெட் கோடங்கி

ஓம் விதி சொல்வது மைக் ரெக்கார்டிங்குக்கு முழுக்கச் சரி. ஆம்ப் மாடலுக்கு முன்னால் போகும் சிக்னலுக்கு அப்படியே சொன்னால் தகராறு வரும். இண்டர்ஃபேஸில் (கிதாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) கெயினைக் குறைத்தால் மாடலுக்குள் போகும் அளவும் குறைகிறது, டிரைவ் குறைகிறது. கெயினை ஏற்றினால் அதே பிரீசெட் சகதியாகிறது. ஒரே ப்ளக்கின் (கணினியில் ஓடும் ஆம்ப் மாடல்), ஒரே பிரீசெட், ஒருவருக்கு நன்றாக இருக்கிறது இன்னொருவருக்குக் கேவலமாக இருக்கிறது என்று நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

உண்மையான ஆம்ப் வோல்ட்டைப் பார்க்கிறது. மாடலுக்கு வோல்ட் தெரியாது, எண்தான் தெரியும். 0 டிபிஎஃப்எஸ் என்றால் எத்தனை வோல்ட் என்பது ஒவ்வொரு இண்டர்ஃபேஸிலும் வேறு. அதன் விவரப் பட்டியலில் இன்ஸ்ட்ருமெண்ட் இன்புட்டின் அதிகபட்ச அளவு என்று டிபியு-வில் போட்டிருப்பார்கள், அது கெயின் குமிழ் மிகக் குறைவாக இருக்கும்போது உள்ள அளவு. உதாரணமாக +12 டிபியு என்றால் 3.08 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சி சுமார் 4.4 வோல்ட். 0 டிபியு 0.775 வோல்ட் என்பதிலிருந்து வருகிற கணக்கு.

நான் செய்வது இது. கெயின் குமிழைக் கீழே முழுசாக இறக்கிவிடுவேன். அந்த நிலையில் ஹம்பக்கரே பெரும்பாலும் க்ளிப் ஆகாது. பிறகு ப்ளக்கின் எந்த அளவை எதிர்பார்க்கிறது என்று அதன் கையேட்டில் பார்த்து, வித்தியாசத்தை ப்ளக்கினின் உள்ளே இருக்கும் இன்புட் ட்ரிம்மில் கொடுப்பேன். ப்ளக்கின் 0 டிபிஎஃப்எஸ் என்பதை +12 என்று எடுத்துக்கொள்கிறது, என் இண்டர்ஃபேஸ் +15 என்றால், ட்ரிம்மில் +3. இப்படி ஏற்றும்போது மீட்டர் 0-வைத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம், ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் 32 பிட் ஃப்ளோட்டில் ஓடுவதால் அங்கே கூரை கிடையாது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ப்ளக்கினில் இதற்கென்றே இன்புட் காலிப்ரேஷன் வசதி இருக்கிறது, ஆம்ப்பிலிருந்து மாடலை உருவாக்கியவர் அளவைக் குறித்து வைத்திருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும்.

ஓம் விதி

நியாயம். மைக்குக்குச் சொல்கிற மாதிரி பொதுப்படையாகச் சொல்லிவிட்டேன் என்று கோடங்கி காதைத் திருகுகிறார். ஒன்று சேர்க்கிறேன், இது கருவிக்குக் கருவி மாறும். ஆக்ஸ் எஃப்எக்ஸ் வரிசை மல்டி எஃபெக்ட்ஸில் இன்புட் அளவைக் குறைத்தால் ஏடிசிக்குப் பிறகு அதே அளவு திரும்பக் கூட்டிக்கொள்கிறது. அதனால் டிரைவ் மாறாது, ஹெட்ரூமும் (கூரைவரை மீதி உள்ள இடம்) இரைச்சலும்தான் மாறும். ஹீலிக்ஸ் மல்டி எஃபெக்ட்ஸில் கிதார் இன் பேட் என்று இன்புட்டைக் குறைக்கும் ஒரு சுவிட்ச், ரொம்பச் சூடான பிக்கப்புக்கு. உங்கள் கருவியில் அந்தக் குமிழ் எந்த ரகம் என்று கையேட்டில் பாருங்கள். பிக்கப்பைக் கம்பியிலிருந்து கொஞ்சம் இறக்குவதும் ஒரு வழி, ஸ்க்ரூ டிரைவர் போதும். பலர் அதை ஏன் நினைப்பதே இல்லை என்று தெரியவில்லை.

நள்ளிரவு ரிஃப்

பூஸ்ட்டை எடுத்துவிட்டேன், பெரிய பாரம் இறங்கியது. ஆனால் கதை முடியவில்லை. ஒரு ஆம்பியன்ட் பேட்ச் இருக்கிறது: கம்ப்ரஸர், க்ளீன் ஆம்ப், டாட்டட் எய்ட்த் (முக்கால் பீட் இடைவெளி) டிலே, ரிவர்ப். அதில் மட்டும் இன்னும் கிழிகிறது. அதுவும் முதல் அடியில் இல்லை, வாசித்துக்கொண்டே போனால் சில பார்களுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. இன்புட் இப்போது -13-தான்.

ஓம் விதி

வாசிக்க வாசிக்க வருகிறது என்பதே விடை. டிலே ஃபீட்பேக் (எதிரொலியில் திரும்ப டிலேக்குள்ளேயே போகும் பங்கு) குவிகிறது. டெம்போவுக்குப் பூட்டிய டிலேயில் பல ரிபீட்டுகள் நீங்கள் பிறகு வாசிக்கும் ஸ்வரங்களின் மேலேயே வந்து உட்காரும், உச்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். மோசமான நிலையில் எவ்வளவு ஏறும் என்றால், ஃபீட்பேக் 50 சதவீதம் என்றால் இரு மடங்கு, அதாவது 6 டெசிபெல். 80 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு, 14 டெசிபெல். ஒரே ஸ்வரத்தை விடாமல் அடித்தால்தான் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும், ஆனால் ஆம்பியன்ட் வாசிப்பில் நாம் செய்வதே அதுதானே!

அதற்கு மேல் கம்ப்ரஸரின் மேக்கப் கெயின் (அமுக்கியதை ஈடுகட்டத் திரும்ப ஏற்றும் அளவு), அதற்கு மேல் ரிவர்ப். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பிளாக்கையும் ஆன், ஆஃப் செய்து வால்யூம் ஏறாமல் இறங்காமல் இருக்கிற மாதிரி அதன் லெவலை வையுங்கள். முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள், முக்கால்வாசி அங்கேதான் திருட்டுத்தனமாக 5, 6 டெசிபெல் ஏறியிருக்கும்.

உள்ளே வெட்டுகிறதா, டிஏசியில் வெட்டுகிறதா என்று தெரிய: சங்கிலியின் கடைசியில் வெறும் வால்யூம் பிளாக் ஒன்றைப் போட்டு 10 டெசிபெல் குறைத்து, குறைந்த சத்தத்தை ஹெட்ஃபோன் குமிழில் ஏற்றிக்கொள்ளுங்கள். கிழிசல் போய்விட்டால் உள்ளே ஃப்ளோட், வெட்டியது டிஏசி. கிழிசல் மெதுவாகவாவது கேட்டால் உள்ளே ஏதோ ஒரு பிளாக்கே வெட்டுகிறது, வால்யூம் பிளாக்கை ஒவ்வொரு இடமாக முன்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள், எங்கே வைத்ததும் போகிறதோ அதற்கு அடுத்ததுதான் ஆள்.

சாலிடர் புகை

உள்ளே வெட்டுகிற ரகம் இன்னும் நிறைய உண்டு. சின்ன டிலே, ரிவர்ப் பெடல்கள் பலவற்றில் இருக்கும் எஃப்வி-1 சிப்பில் 24 பிட் ஃபிக்ஸட் பாயிண்ட்தான். ±1-ஐத் தாண்டினால் அங்கேயே முட்டி நின்றுவிடும். அதற்கு நிரல் எழுதும்போது இரண்டு டிலே கிளைகளைக் கூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் 0.5-ஆல் பெருக்கிவிடுவது என் பழக்கம், பிறகு அனலாக் பக்கத்தில் 6 டெசிபெல் திரும்ப எடுத்துக்கொள்வேன். சப்ளை 3.3 வோல்ட் என்பதால் இன்புட்டின் முழு ஊசலும் அதற்குள் அடங்க வேண்டும், 9 வோல்ட் பூஸ்ட்டை நேராக அதில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் பெடல் சொருகும் இடம்; வெளியே வருவது சென்ட்) இந்தப் பெடல்களைப் போடுபவர்களும் கவனிக்கவும். சில ஆம்ப்களின் சென்ட் லைன் லெவலில், +4 டிபியு அளவில், அதாவது 1.23 வோல்ட் ஆர்எம்எஸ்ஸில் வரும். கிதார் அளவுக்குச் செய்த பெடல் அங்கே திணறும். மல்டி எஃபெக்ட்ஸை லூப்பில் வைத்தால் அதன் செட்டிங்கில் இன்ஸ்ட்ருமெண்டா லைனா என்று கேட்கும், லைன் என்று வையுங்கள்.

கடைசி பெஞ்ச்

கடைசியில் ஒரு லிமிட்டரை (குறித்த அளவைத் தாண்டவிடாத எஃபெக்ட்) போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

கேபினெட் கோடங்கி

டிஏசி தப்பிக்கும், உள்ளே வெட்டுப்பட்டது அப்படியேதான் வரும். அதோடு உங்கள் பிக் அட்டாக்கை எல்லாம் அது தின்றுவிடும். மேடையில் பாதுகாப்புக்கு, எப்போதாவது தொடுகிற மாதிரி வைத்தால் தவறில்லை. எப்போதும் 6 டெசிபெல் அமுக்கிக்கொண்டே இருந்தால் அளவு எங்கோ தப்பு.

நள்ளிரவு ரிஃப்

கடைசியில் வால்யூம் பிளாக் போட்டு 10 குறைத்தேன், கிழிசல் சுத்தமாகப் போய்விட்டது. டிஏசிதான். கம்ப்ரஸரை அணைத்துப் பார்த்தால் வால்யூம் பாதியாகிறது, அவ்வளவு மேக்கப் கெயின். அதை இறக்கி, ஃபீட்பேக்கை 70-லிருந்து 45-க்குக் கொண்டுவந்து, ஆம்ப் பிளாக்கின் சேனல் வால்யூமை 4 டெசிபெல் குறைத்ததும் வால்யூம் பிளாக்கே தேவைப்படவில்லை. ஆம்ப்பின் டிரைவைத் தொடவே இல்லை, டோன் அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று மட்டும். வெளியிலிருந்து ஒரு கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) ஏற்றினால் திடீரென்று எல்லாம் சத்தமாகிவிடுகிறது, இன்னொன்றில் அமுங்கிவிடுகிறது. அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

கேபினெட் கோடங்கி

சேரும். ஐஆர்களை எல்லோரும் ஒரே அளவுக்கு நார்மலைஸ் செய்து தருவதில்லை, இரண்டு ஐஆர்களுக்கு நடுவில் 6 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். ஐஆர் பிளாக்கில் லெவல் இருக்கும், மாற்றும்போதெல்லாம் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு ஐஆர்களை இணையாக ஓட்டினால் இன்னும் உஷார்: ஒரே மாதிரி சிக்னல் இரண்டு கூடினால் 6 டெசிபெல் ஏறும், ஒன்று கொஞ்சம் தாமதமாக இருந்தால் பாஸ் நிற்கும், மேலே சில இடங்கள் குழிவிழும். அதனால் மீட்டரைப் பார்த்து அளவு வைப்பதற்கு முன் இரண்டையும் நேர வரிசையில் ஒன்றாக்கிவிடுங்கள். ஒவ்வொன்றையும் 6 இறக்கிவிட்டு ஆரம்பித்தால் போதும்.